கைகாட்டியும் ஏர்பஸ்ஸும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் என்னைக் கேட்டார். "என்ன சார், இப்போதெல்லாம் விமானத்தைக் கம்ப்யூட்டரே ஓட்டுகிறதாமே? பைலட் சும்மா உட்கார்ந்திருக்கிறாராமே?" நண்பர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் இங்கே மண்டகள்ளியில் சிறிய விமானத்தில் பயிற்சி முடித்து லைசென்ஸ் வாங்கிவிட்டான். அடுத்து ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கான பயிற்சிக்குப் போகவேண்டும். தாத்தாவுக்குப் பெருமை ஒரு பக்கம், வயிற்றில் புளி கரைப்பது மறுபக்கம்.

"கம்ப்யூட்டர் ஓட்டினால் என்ன சார், ஒழுங்காக ஓட்டினால் சரிதானே" என்று அப்போதைக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. நான் விமானப் பொறியாளன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் கம்பியும் ரிலேயும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஆனால் மனிதன் கையிலிருந்த வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் சங்கதி எங்கள் பிரிவுக்குப் புதிதல்ல. விமானக்காரர்களுக்கு முன்பே அதில் அடிபட்டவர்கள் நாங்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். தவறிருந்தால் வாசகர்கள் திருத்தட்டும்.

1990 பிப்ரவரி 14, புதன்கிழமை. அப்போது நான் வேலை நிமித்தமாகப் பெங்களூரில் இருந்தேன். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 விமானம், பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. பகல் ஒரு மணி, தெளிவான வானம். விமானத்தில் 146 பேர். இறந்தவர்கள் 92 பேர். சாயங்காலம் ஊரெங்கும் இதே பேச்சு. விமானம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏ320 என்பது அப்போது உலகத்துக்கே புதுசு. 1988-இல்தான் பயணிகளை ஏற்றத் தொடங்கியிருந்தது. பயணிகள் விமானங்களில் முழுக்கக் கணினி வழியே இயக்கப்பட்ட ஃப்ளை பை ஒயர் முறை, பக்கவாட்டில் சின்னக் கைப்பிடி, டெலிவிஷன் போன்ற திரைகள் என்று எல்லாம் சேர்ந்து வந்த முதல் மாடல் அது. விபத்துக்குப் பிறகு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் எல்லாவற்றையும் அரசாங்கம் பல மாதங்கள் தரையில் நிறுத்திவைத்தது.

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் விசாரணை நடந்தது. அதில் வெளிவந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கட்சி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

அந்த விமானத்தில் என்ஜின் விசையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது ஒரே மாதிரி பார்த்துக்கொள்வதில்லை. பல நிலைகள் உண்டு. 'ஸ்பீடு' நிலையில் இருந்தால், வேகம் குறையும்போது கணினி விசையைக் கூட்டி வேகத்தைக் காக்கும். 'ஓப்பன் டிசென்ட்' நிலையில் இருந்தால், என்ஜின்களை ஐடிலில் வைத்துவிடும். விமானத்தின் மூக்கை எவ்வளவு தாழ்த்துகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் அமையும். உயரத்திலிருந்து கீழே வருவதற்கு அது சரி. தரைக்குப் பக்கத்தில் அந்த நிலையில் இருக்கவே கூடாது. அன்று விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது இந்த ஐடில் நிலையில் இருந்தது. தாழ்ந்துபோகிறதே என்று மூக்கை உயர்த்தினார்கள், வேகம் குறைந்தது. 132 நாட் இருக்கவேண்டிய வேகம் அதற்கு வெகு கீழே போய்விட்டது. நிலையை மாற்றுவதற்காக ஃப்ளைட் டைரக்டர் என்ற வழிகாட்டிக் கருவியை அணைக்க முயன்றார்கள். இருவர் பக்கமும் அணைந்தால்தான் கணினி 'ஸ்பீடு' நிலைக்குத் திரும்பும். ஒருவர் பக்கம் அணைந்தது, மற்றவர் பக்கம் அணையவில்லை. கணினி தன் சட்டப்படி ஐடிலிலேயே இருந்தது. கடைசியில் ஆபத்தை உணர்ந்து முழு விசை கொடுத்தபோது, ஜெட் என்ஜின் ஐடிலிலிருந்து முழு வேகத்துக்கு வர ஏழெட்டு வினாடி வேண்டும். அத்தனை வினாடிகள் அங்கே மிச்சமில்லை.

விமானிகள் உரிய நேரத்தில் த்ராட்டிலைத் தள்ளவில்லை என்பதே விசாரணையின் முடிவு. அந்த ஐடில் நிலை எப்படி வந்தது என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இறங்கும் விகிதத்துக்கான குமிழுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த உயரத்துக்கான குமிழைத் திருப்பியிருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

முடிவு சரியாகவே இருக்கட்டும். எனக்கு அன்று முதல் இன்றுவரை உறுத்துவது வேறு ஒன்று. அந்த விமானத்தில் த்ராட்டில் நெம்புகோல்கள் நகர்வதில்லை. மற்ற விமானங்களில் கணினி விசையைக் குறைத்தால், நெம்புகோலும் தானே பின்னுக்கு வரும். மேலே கைவைத்திருக்கும் பைலட்டுக்கு அது தெரியும். ஏ320-இல் நெம்புகோலை ஒரு பள்ளத்தில் பொருத்திவிட்டால், என்ஜின் ஐடிலில் இருந்தாலும் முழு விசையில் இருந்தாலும் அது அங்கேயே கிடக்கும். என்ன நிலையில் இருக்கிறோம் என்பதைத் திரையின் மேல்பக்கம் சில எழுத்துகள் சொல்லும். என்ஜின் அளவைக் காட்டும் கருவியும் சொல்லும். படித்தால் தெரியும். படிக்காவிட்டால்?

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

பழைய ரயில் நிலையங்களில் கைகாட்டி மரத்தை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். கேபினில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால், கம்பி வழியாகத் தூரத்திலுள்ள கை தாழும். வண்டி வரலாம் என்று அர்த்தம். கம்பி அறுந்தால் எடைக்கட்டி கையைத் தானாகக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்; வண்டி நிற்கும். எது கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கமாகவே கெடவேண்டும் என்பது எங்கள் பாலபாடம். இரண்டாவது பாடம், முரணான நெம்புகோல்களை ஒன்றாக இழுக்க முடியாதபடி கேபினின் அடியில் இரும்புப் பூட்டு இருக்கும். 1856-இல் ஜான் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து இது உண்டு. லூப் லைனுக்குப் பாயிண்ட் போட்டுவிட்டு மெயின் லைன் சிக்னலை இழுக்கப் பார்த்தால் நெம்புகோல் வராது. எவ்வளவு அனுபவசாலியான லீவர்மேனாக இருந்தாலும் வராது.

ஆகவே "மனிதன் கட்டளையை யந்திரம் மறுக்கலாமா?" என்று ஏர்பஸ்ஸைப் பார்த்துக் கேட்பவர்களுடன் எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. ஏ320-இல் விமானி கைப்பிடியை எவ்வளவு சாய்த்தாலும் விமானம் 67 டிகிரிக்கு மேல் சாயாது. எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் இறக்கை தூக்குச்சக்தியை இழக்கும் கோணத்துக்குப் போகாது. போயிங் கம்பெனி 1995-இல் சேவைக்கு வந்த 777 விமானத்தில் வேறு வழி எடுத்தது. அதுவும் கணினி விமானம்தான். ஆனால் எல்லையைத் தாண்டப் பார்த்தால் கைப்பிடி கனக்கும். பலம் போட்டு இழுத்தால் தாண்டலாம். கடைசி வார்த்தை விமானியுடையது என்பது போயிங் சித்தாந்தம். எல்லையைத் தாண்டும் வேலையே வேண்டாம் என்பது ஏர்பஸ் சித்தாந்தம். இதைப் பற்றி முப்பது வருஷமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. என்னைக் கேட்டால் சாக்ஸ்பியின் பூட்டைப் பார்த்து எந்த லீவர்மேனும் அவமானப்பட்டதில்லை. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு என்ஜின்களும் செயலிழந்த ஏ320, ஹட்ஸன் ஆற்றில் இறங்கியதே, 155 பேரும் பிழைத்தார்களே, அன்று விமானி கைப்பிடியை இழுத்துப் பிடித்திருக்க, விமானத்தின் கோணம் எல்லை மீறாமல் கணினியும் பார்த்துக்கொண்டது. விமானியின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. பூட்டும் உதவியது என்கிறேன்.

ஆனால் எங்களுக்கு மூன்றாவதாக ஒரு பாடம் உண்டு. கைகாட்டி வளைவுக்கு அப்பால் மறைந்திருந்தால், கேபினுக்குள் ஒரு சின்ன வட்டப் பெட்டி வைப்போம். ரிப்பீட்டர் என்று பெயர். அதற்குள் ஒரு குட்டிக் கை இருக்கும். அதன் கம்பி இணைப்பு கேபின் நெம்புகோலிலிருந்து வரக்கூடாது. சிக்னல் கம்பத்தின் மேலே, உண்மையான கையிலிருந்தே வரவேண்டும். நெம்புகோல் என்ன கேட்டது என்பது லீவர்மேனுக்கே தெரியும். கை என்ன செய்தது என்பதுதான் அவனுக்குத் தெரியவேண்டியது. ஆன், ஆஃப் இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றால் குட்டிக் கையும் நடுவில் நின்று 'ராங்' என்று காட்டும்.

நான் சர்வீஸில் சேர்ந்த புதிதில், மைசூர் - அரசிக்கெரே மீட்டர்கேஜ் பாதையில் ஒரு சிறிய நிலையம். ஏப்ரல் மாத வெயில். மதியம் ரிப்பீட்டர் நடுவில் நிற்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். நான் நெம்புகோலைப் பார்த்தேன். சரியாக உள்ளே இருந்தது. கம்பியை அசைத்துப் பார்த்தேன். இழுவை சரியாக இருப்பதாகத் தோன்றியது. "ரிப்பீட்டர்தான் கெட்டிருக்கிறது, நாளை வேறு கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். அங்கிருந்த லீவர்மேன் வயதானவர், ஹாசன் பக்கத்துக்காரர். அவர் ஒன்றும் சொல்லாமல் வெயிலில் அரை மைல் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "சாமி, கை பாதி இறங்கித் தொங்குது" என்றார். கப்பியில் கம்பி சிக்கியிருந்தது. எடைக்கட்டி இழுக்க முடியாமல் கை அரைகுறையாக நின்றிருந்தது. அன்று எந்த வண்டியும் வருவதற்கு முன் சரிசெய்துவிட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்ன கருவியைக் கெட்டுப்போனது என்று நான் சொன்னேன் என்பது மறக்கவில்லை. அந்த டீயின் ருசியும் மறக்கவில்லை.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் பெங்களூர் விபத்து எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. யந்திரம் மனிதனை மீறியதால் அது நடக்கவில்லை. யந்திரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது மனிதனுக்கு நேரத்தில் எட்டவில்லை. ரிப்பீட்டர் இருந்தது, ஆனால் வேறு பத்து விஷயங்களுக்கு நடுவில் சில எழுத்துகளாக இருந்தது. கையின் கீழே இருந்த நெம்புகோல் எதையும் சொல்லவில்லை. பின்னாளில் ஏ320-இல், ஐடிலில் இறங்கும்போது வேகம் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போனால், கணினி தானே அந்த நிலையை விட்டு 'ஸ்பீடு' நிலைக்கு வரும்படி அமைத்தார்கள். நல்லதுதான். ஆனால் அதுவும் யந்திரத்தை மேலும் கெட்டிக்காரனாக்கும் வழியே தவிர, அதிகம் பேசவைக்கும் வழி அல்ல.

1992 ஜனவரி 20 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் அருகே இதே வகை விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் ஒரே குமிழ், ஒரே சன்னல். '33' என்று தெரிந்தால் ஒரு நிலையில் 3.3 டிகிரி, இன்னொரு நிலையில் நிமிஷத்துக்கு 3,300 அடி. விமானிகள் முதலாவதை நினைத்து இரண்டாவதைக் கொடுத்துவிட்டார்கள் என்பதே விசாரணையாளர்களின் வலுவான அனுமானம். பிறகு இரண்டும் வெவ்வேறு மாதிரி தெரியும்படி இலக்கங்களை மாற்றினார்கள். ஒரே விளக்குக்கு இரண்டு அர்த்தம் வைத்த சிக்னலை எங்கள் பிரிவில் எந்த அதிகாரியும் பாஸ் செய்யமாட்டார்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 இன்னும் கொடுமை. அது ஏ330. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்து, கணினி தானியங்கி ஓட்டத்தைக் கைவிட்டு "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விமானிகளிடம் கொடுத்துவிட்டது. வலது பக்கம் இருந்தவர் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தார். விமானம் தூக்குச்சக்தி இழந்து 38,000 அடியிலிருந்து விழுந்தது. இடது பக்கம் இருந்தவருக்கு அவர் இழுப்பது தெரியவில்லை. ஏனென்றால் ஏர்பஸ்ஸில் இரண்டு கைப்பிடிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அல்ல. ஒன்று அசைந்தால் மற்றது அசையாது. மண்டகள்ளியில் நம் பையன் ஓட்டிய சின்ன விமானத்தில் ஒருவர் இழுத்தால் மற்றவர் மடியை வந்து இடிக்கும். அவ்வளவு எளிய ரிப்பீட்டர். 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இதை வைத்து "போயிங்தான் நல்லது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2013 ஜூலை 6 அன்று ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஏஷியானா நிறுவனத்தின் போயிங் 777, ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கடல் சுவரில் மோதியது. மூன்று பேர் இறந்தார்கள். என்ஜின்கள் ஐடிலில், கணினி வேகத்தைக் காக்கும் என்று விமானி நினைத்தார், கணினி அதைச் செய்யாத ஒரு நிலையில் இருந்தது. பெங்களூர்க் கதையை இருபத்து மூன்று வருஷம் கழித்து அப்படியே திருப்பிப் படித்தது போல் இருந்தது எனக்கு. இத்தனைக்கும் அதில் நகரும் த்ராட்டில்! நெம்புகோல் ஐடிலில் கிடந்ததைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே ஏ320-இன் அசையாத நெம்புகோலின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதைவிட மோசம், விமானியே எஜமான் என்று சொல்லிவந்த அதே போயிங், 737 மேக்ஸில் செய்த காரியம். மூக்கைத் தானாகத் தாழ்த்தும் ஒரு ஏற்பாட்டை வைத்தார்கள். இரண்டு கோண உணரிகள் இருந்தும் ஒன்றை மட்டும் கேட்டு அது வேலை செய்தது. இப்படி ஒன்று இருப்பதாகவே விமானிகளின் கையேட்டில் எழுதவில்லை. 2018 அக்டோபர் 29-இல் இந்தோனேஷியாவில் 189 பேர், 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியாவில் 157 பேர். நம் நாட்டிலும் அந்த விமானங்களை 2019 மார்ச்சிலிருந்து 2021 ஆகஸ்ட் வரை பறக்கவிடவில்லை. சித்தாந்தம் என்று விளம்பரத்தில் எழுதுவது ஒன்று. உள்ளே கம்பி எங்கே போகிறது என்பது வேறு. அகமதாபாத்தில் 2025-இல் நடந்ததைப் பற்றிக் கேட்பீர்கள். அதை இந்த வரிசையில் சேர்க்க நான் விரும்பவில்லை.

விமானக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 2023 ஜூன் 2, ஒடிஷாவில் பாலசோர் அருகே பாஹாநாகா பஜார். கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் பச்சை விளக்கு. பாயிண்ட் கிடந்ததோ லூப் லைனுக்கு. அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதி 290-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் சங்கத்திலேயே வருஷத்துக்கு இரண்டு முறை அந்த வண்டியில் கல்கத்தா போய்வருகிற குடும்பம் இருக்கிறது. மூன்றாம் பாடத்தை மீறியதுதான் காரணம். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்ற வேலைகளில் கம்பி இணைப்பு தவறிப்போய், பாயிண்டின் உண்மையான கிடை கேபினுக்குப் போய்ச் சேரவில்லை. கணினிக்கு ஒரு சங்கதி சொல்லப்பட்டது. தண்டவாளத்தில் வேறொன்று இருந்தது. கணினி தனக்குச் சொல்லப்பட்டதை நம்பிப் பச்சை காட்டியது. செய்தியைப் படித்த அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும், என் கையெழுத்துப் போட்ட சர்க்யூட்களை மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணினியே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பெங்களூரில் உருவான தேஜஸ் போர் விமானம் கணினி இல்லாமல் ஒரு வினாடிகூட நேராகப் பறக்காது. வளைந்து திரும்பும் சுறுசுறுப்புக்காக வேண்டுமென்றே நிலையற்றதாக அமைத்தது. அதற்கான கட்டுப்பாட்டு விதிகளை எழுத 1992-இல் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்தில் ஒரு குழு அமைத்தார்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா ஒத்துழைப்பை நிறுத்தி நம் ஆட்களைத் திருப்பியனுப்பியது. வேலையை இங்கேயே முடித்து, நான்கு தனித்தனி வழிகள் கொண்ட கணினி முறையோடு 2001 ஜனவரி 4 அன்று பறக்கவிட்டார்கள். நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இது நடந்தது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

ரயிலுக்கும் விமானத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எங்களுக்கு எது கெட்டாலும் வண்டியை நிறுத்திவிடலாம். ஆகாயத்தில் நிறுத்த இடமில்லை. அதனால் ஏ320-இல் கணினிகள் ஒவ்வொன்றாகக் கெட்டாலும் படிப்படியாகக் கீழிறங்கும்படி செய்திருக்கிறார்கள். ஏழு கணினிகள், அவற்றில் வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு சிப் கொண்டு செய்தவை உண்டு, ஒரே பிழை எல்லாவற்றிலும் இருக்கக்கூடாது என்பதற்காக. முதலில் எல்லாப் பூட்டுகளும் இருக்கும் நிலை, பிறகு சில பூட்டுகள் போன நிலை, பிறகு கைப்பிடி அசைவு நேரே இறக்கைப் பலகைக்குப் போகும் நிலை. அதுவும் போனால் ஒரு சக்கரமும் கால் மிதியும். எங்களுக்கும் இப்படி உண்டு. பிளாக் கருவி கெட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் பேப்பர் லைன் கிளியர் என்று கையால் சீட்டு எழுதி டிரைவரிடம் கொடுப்பார். நூறு வருஷ வழக்கம். ஆனால் கருவிகள் நன்றாக வேலை செய்யும் நிலையங்களில், வருஷக்கணக்கில் அந்தச் சீட்டை எழுதாத இளம் ஸ்டேஷன் மாஸ்டர்கள், ஒருநாள் எழுதவேண்டி வந்தால் கை நடுங்கும். நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். யந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்குக் கை மறந்துபோகிறது. ஏர் பிரான்ஸ் விமானிகளுக்கு அந்த இரவில் நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் ரயில்களில் 'கவச்' வருகிறது. சிக்னலை மீறினால் தானே பிரேக் போடும். மிக நல்ல காரியம். நான் சர்வீஸில் இருந்தபோதே வந்திருக்கலாமே என்று ஏங்குகிறேன். ஆனால் சிக்னலை என்ஜினுக்குள்ளேயே காட்டும் திரை வந்தபிறகு டிரைவர் சன்னலுக்கு வெளியே பார்ப்பாரா? வெளியே ஒன்றும் திரையில் ஒன்றும் தெரிந்தால் எதை நம்பச் சொல்லிக்கொடுக்கிறோம்? இதைத் திட்டமிடும் மேஜைகளில் பழைய லீவர்மேன் மாதிரி ஒருவரும் உட்கார்ந்திருந்தால் நல்லது.

நண்பரின் பேரனைக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடையின்போது பிடித்தேன். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "தாத்தா, இப்போ திரையிலே நிலை மாறினா அதைச் சுத்தி ஒரு பெட்டி வரும், ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும். அது ரூல்" என்றான். "ரூல் இருக்கட்டும்ப்பா, சொல்லுவியா?" என்றேன். சிரித்தான். "நீங்க எழுதப்போறது எல்லாம் பழைய விபத்து. வருஷத்துக்கு எத்தனை கோடி பேர் ஏ320-இலே பத்திரமா போறாங்கன்னும் எழுதுங்க" என்றான். நியாயமான பேச்சு. நான் என் மகளைப் பார்க்க டெல்லி போவதும் அதில்தான். பயமில்லாமல் தூங்கிக்கொண்டே போகிறேன். எழுதிவிட்டேன்.

போனவாரம் பெங்களூரிலிருந்து போன் செய்தான். சிமுலேட்டர் பயிற்சி தொடங்கிவிட்டதாம். "இன்னிக்கு ஆட்டோ த்ரஸ்ட்டை அணைச்சிட்டு ஆறு தடவை இறக்கச் சொன்னாங்க தாத்தா. முதல் ரெண்டு தடவை வேகம் விட்டுப்போச்சு. அஞ்சாவதுலேதான் கை படிஞ்சுது."

"பக்கத்து சீட்டுப் பையன் என்ன பண்ணினான்?" என்று கேட்டேன்.

"வேகத்தைப் பார்த்துச் சத்தமா சொல்லிக்கிட்டே இருந்தான்."

"அவன் எந்த ஊர்?"

"ஹாசன், தாத்தா."